நம் ஊர் மருத்துவமனைகளும் அங்கே வேலை பார்ப்பவர்களும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



"சார், பேங்க்ல இருந்தவரு நீங்க, ஏதாவது பொருளாதாரம் பேசுங்க, ஆனா மியூச்சுவல் ஃபண்டு மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நம் எல்லோர் வீட்டுக்கும் சம்பந்தப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் மருத்துவமனைகள் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கின்றன, அது எப்படிப்பட்ட வேலை, அதனால் நமக்கு என்ன என்பதுதான் பேச்சு. மருத்துவமனை என்றதும் நாம் பில்லைப் பற்றித்தான் பேசுவோம். பில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. நான் பேசப்போவது பில்லைக் கட்டுகிறவரைப் பற்றி அல்ல, பில்லைப் போடுகிறவர், ஊசி போடுகிறவர், தரையைத் துடைக்கிறவர் பற்றி.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு ஞாபகம் இருக்கும். கடிகாரம் இல்லாத வீட்டில்கூட ஷிப்ட் சங்கு கேட்டு உலை வைத்தார்கள். 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் இங்கே முதல் மில். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவினாசி ரோடு, திருச்சி ரோடு இரண்டிலும் மில்கள் வரிசையாக முளைத்தன. வீட்டில் ஒருவர் மில்லில் இருந்தால் பெண் கொடுக்க யோசிக்கமாட்டார்கள். பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக மூடினார்கள். நூற்பு வேலை நகரத்தை விட்டு வெளியே, குறைந்த ஆட்களும் அதிக இயந்திரமுமாகப் போனது. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற என்.டி.சி. மில்கள் அதன்பிறகு ஒழுங்காக ஓடவே இல்லை. பம்ப்செட், ஃபவுண்டரி, ஐ.டி. எல்லாம் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு படித்தவர் முதல் பட்டம் வாங்கியவர் வரை, ஆணும் பெண்ணும், ஒரே கேட்டுக்குள் ஆயிரக்கணக்கில் நுழைந்து ஷிப்ட் பார்க்கிற இடம் என்று இன்று தேடினால், அது பெரிய மருத்துவமனைதான்.

இதில் ஒரு வேடிக்கை, நம் மருத்துவமனைகளில் பல, மில் பணத்தில் பிறந்தவை. லட்சுமி மில் குடும்பத்தார் ஜி. குப்புசாமி நாயுடு பெயரில் 1952இல் மருத்துவமனை தொடங்கினார்கள். பி.எஸ்.ஜி. குடும்பத்தின் அறக்கட்டளை 1926லேயே ஏற்பட்டது. கல்லூரிகளுக்குப் பின்னால் மருத்துவமனை வந்தது. ராமகிருஷ்ணா மருத்துவமனை 1975. அதற்கும் முன்னால், தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் கோவையில்தான், 1955இல். காரணம் மில் தொழிலாளிகள் இங்கே அவ்வளவு பேர் இருந்தார்கள். பிறகு மருத்துவர்களே தொடங்கியவை வந்தன: 1978இல் கங்கா, 1990இல் கே.எம்.சி.எச். வாளையாருக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டிலிருந்தும், இந்தப் பக்கம் திருப்பூர், ஈரோடு, நீலகிரியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு தனியார் மருத்துவமனை வாசலை மிதிக்காத குடும்பங்களும் உள்ளே வர ஆரம்பித்தன. இன்று அந்த முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நோயாளி கூடினால் படுக்கை கூடும், படுக்கை கூடினால் ஆள் கூடவேண்டும்.

எத்தனை ஆள்? இங்கே கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், பி.காம். படித்தவனைக் கூப்பிட்டால் கணக்கு வரத்தான் செய்யும்.

ஒரு படுக்கை பக்கத்தில் எப்போதும் ஒரு நர்ஸ் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால், 168ஐ 48ஆல் வகுக்க மூன்றரை வருகிறது. லீவு, காய்ச்சல், பிரசவ விடுப்பு இதற்கெல்லாம் முப்பது சதவீதம் சேர்த்தால் நாலரைப் பேர். ஆக நீங்கள் பார்க்கிற ஒரு நர்ஸுக்குப் பின்னால் நாலரைப் பேர் சம்பளப் பட்டியலில் இருக்கவேண்டும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒருவர் என்பது விதி. இருபது படுக்கை ஐ.சி.யூ. என்றால் முழுசாகப் பார்த்தால் தொண்ணூறு நர்ஸ்கள். சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு வார்டில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மில்லுக்கும் மருத்துவமனைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மில்லில் புது மெஷின் வந்தால் ஆள் குறையும். ஆட்டோகோனர் வந்தது, கோன் வைண்டிங்கில் இருந்த பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். மருத்துவமனையில் புது மெஷின் வந்தால் ஆள் கூடுகிறது. ஒரு எம்.ஆர்.ஐ. வாங்கினால் அதை ஓட்ட டெக்னீஷியன், படத்தைப் படிக்க ரேடியாலஜிஸ்ட், ஊசி போட நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ள ஒருவர், பெயர் கூப்பிட ஒருவர், பில் போட ஒருவர். பாமோல் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1960களில் இதை விளக்கினார்: சில தொழில்களில் ஆளைக் குறைக்கவே முடியாது, அதனால் செலவு ஏறிக்கொண்டே போகும் என்றார். அவர் சொன்ன உதாரணம் மேல்நாட்டு வாத்தியக் குழு. நாம் நாதஸ்வரக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராகத்தை வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆனதோ, இன்றும் அதேதான். படுத்திருக்கிறவரைத் திருப்பிப் போட்டு முதுகு துடைத்துவிட இரண்டு பேர் வேண்டும். அதற்கு ஆட்டோகோனர் கிடையாது.

நர்ஸ் மட்டுமல்ல. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பிசியோதெரபி என்று பலவகை டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். ரொம்ப நாளாக இவர்களுக்குப் பொதுவான சட்டமே கிடையாது. 2021இல்தான் இந்தத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அப்புறம் என்னைப் போன்ற பி.காம். ஆட்கள்: பில்லிங், ஸ்டோர்ஸ், காப்பீட்டு டெஸ்க். கேஷ்லெஸ் வந்த பிறகு, ஒரு டிஸ்சார்ஜுக்கு எத்தனை பேர் எத்தனை ஃபைலைத் தள்ளுகிறார்கள் என்பதை, மத்தியானம் டிஸ்சார்ஜ் என்று சொல்லி ராத்திரி வீடு திரும்பியவர்கள் அறிவார்கள். இன்னொரு கூட்டம் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் பார்க்கிறது. நம் அடுக்ககத்திலும் இருக்கிறார்கள், ராத்திரி விளக்கு எரிகிற வீடுகளைப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் பெரும்பாலும் ஏஜென்சி மூலம். இவர்கள் மருத்துவமனைக்குள் வேலை பார்த்தாலும் மருத்துவமனையின் ஊழியர்கள் அல்ல.

டாக்டர்களும் பலர் ஊழியர்கள் அல்ல என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பெரிய தனியார் மருத்துவமனைகளில் கன்சல்டன்ட்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். வருமான வரியில் அதற்குப் பிடித்தமே தனிப் பிரிவு, பத்து சதவீதம். ஷேர் மார்க்கெட்டில் பட்டியலிட்ட மருத்துவமனை கம்பெனியின் ஆண்டறிக்கை கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். டாக்டர் கட்டணம் ஒரு வரியில், ஊழியர் செலவு வேறொரு வரியில் இருக்கும். ஊழியர் செலவு என்ற அந்த வரியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் முப்பது வயதுக்குக் கீழே உள்ள பெண்கள்.

நான் வேலை பார்த்த கிளைகளில் ஒன்று பழைய மில் பகுதியில் இருந்தது. அங்கே என் கவுன்டரில் இரண்டு காலத்தையும் பார்த்தேன். மில்காரர்களின் பாஸ்புக் தடியாக இருக்கும், பக்கம் முடிந்து தைத்துத் தைத்து வைத்திருப்பார்கள். இருபத்தைந்து, முப்பது வருஷக் கணக்கு. தீபாவளி போனஸ் வந்த வாரம் ஃபிக்ஸட் டெபாசிட் ஃபார்ம் தீர்ந்துபோகும். பிறகு அதே கிளையில் மருத்துவமனை ஊழியர்களுக்குச் சம்பளக் கணக்கு திறந்தோம். கூட்டமாக வருவார்கள், ஒரே வயது, ஒரே யூனிஃபார்ம், விலாசத்தில் எல்லோருக்கும் ஒரே ஹாஸ்டல். ஒன்றரை இரண்டு வருஷம் ஒழுங்காகச் சம்பளம் ஏறும், அதில் பெரும்பகுதி அன்றைக்கே ஊருக்குப் போய்விடும், சிவகங்கைக்கோ தர்மபுரிக்கோ. அப்புறம் ஒருநாள் வரவு நின்றுவிடும். கணக்கு இயக்கமற்றுப்போகும். அடுத்த ஜூலையில் அடுத்த கூட்டம். ரிட்டயர் ஆகும்வரை மருத்துவமனையில் வேலை பார்த்து என்னிடம் டெபாசிட் போட்ட தனியார் நர்ஸ் யாரையாவது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு பேருக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

ஏன் தங்குவதில்லை? கல்யாணம் ஆகிப் போய்விடுகிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். மில்லிலும் பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் கல்யாணம் ஆனது. விஷயம் சம்பளத்தில் இருக்கிறது.

நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்துக் கடன் வாங்கி வந்த பெண்ணுக்குத் தனியாரில் ஆரம்பச் சம்பளம் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது என்று என்னிடம் கல்விக்கடன் தவணை பற்றிக் கேட்க வந்த பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு மருத்துவமனையில் அதே படிப்புக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் மட்டுமே ரூ.44,900. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம் தரவேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் ரூ.20,000க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் நர்ஸ்கள் போராடி, 2018இல் ரூ.20,000 குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். பரிந்துரை வேறு, அரசாணை வேறு. பரிந்துரையை வைத்து யாரும் வாடகை கட்ட முடியாது.

அரசாங்கம் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2015இல் தமிழ்நாட்டில் தேர்வு வாரியம் மூலம் பரீட்சை எழுதித் தேர்வான நர்ஸ்களை மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்த்தார்கள். பிறகு அதை 14,000, 18,000 என்று உயர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017இல் சென்னையில் உட்கார்ந்து போராடியது டி.வி.யில் வந்தது. அரசு வேலை என்றால் பத்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அங்கேயும் மாறிவிட்டது.

சம்பளத்தை விடுங்கள், மில்காரரை முப்பது வருஷம் கட்டிப்போட்டது எது? போனஸ், கிராஜுவிட்டி, பி.எஃப்., யூனியன். இந்த நாலில் மருத்துவமனை ஊழியருக்கு எது இருக்கிறது என்று பார்ப்போம். 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் தரச் சொன்னது. ஆனால் லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளுக்கு அதே சட்டம் விலக்கு கொடுத்திருந்தது. அறக்கட்டளை என்று பதிவு செய்துவிட்டால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் சட்டப்படி போனஸ் கட்டாயமில்லை. விரும்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம். இப்போது வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியர் ஐந்து வருஷம் இருந்தாகவேண்டும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்தாம் வருஷ முடிவில் சுமார் 43,000 ரூபாய் வரும். மூன்றாம் வருஷமே போய்விடுகிற பெண்ணுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்று மாற்றியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஒப்பந்தத்தில் இருந்தால், வேலையை விடும்போது இதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்களையும் கையோடு திருப்பி வாங்கச் சொல்லுங்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொள்வது எந்த நிர்வாகத்துக்கும் உள்ள உரிமை அல்ல.

பி.எஃப். உண்டு. இ.எஸ்.ஐ.யும் உண்டு, சம்பளம் ரூ.21,000க்குள் இருந்தால். ஊழியர் 0.75, முதலாளி 3.25 சதவீதம். பெரிய தனியார் மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்து கொடுக்கிற பெண், தனக்குச் சட்டப்படி உள்ள உரிமையில் வைத்தியம் பார்க்கச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.க்குப் போகவேண்டும். மில்காரருக்காக வந்த இ.எஸ்.ஐ. இப்போது மருத்துவமனைக்காரருக்கு.

நிர்வாகங்களை மட்டும் திட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. கடன் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்கேன் மெஷினுக்கு வாங்கிய கடன் தவணை ஒரு நாள் தள்ளினாலும் நாங்கள் போன் செய்துவிடுவோம். மருந்துக் கம்பெனிக்குப் பாக்கி வைத்தால் சரக்கு நிற்கும். டாக்டருக்குக் குறைத்தால் எதிர் மருத்துவமனைக்குப் போய்விடுவார். காப்பீட்டுத் திட்டம் நிர்ணயித்த தொகைக்கு மேல் தராது. எல்லாப் பக்கமும் சுவர் இருக்கும்போது, தள்ளினால் நகரக்கூடிய ஒரே சுவர் நர்ஸ் சம்பளம்தான். அது நகர்கிறது, ஏனென்றால் வருஷா வருஷம் சுற்று வட்டாரக் கல்லூரிகளிலிருந்து புதுப் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பெண்களும் ஏமாளிகள் அல்ல. வளைகுடாவுக்குப் போக வழக்கமாக இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அதை இங்கே முடித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. நைட் டியூட்டி முடித்து வந்து ஜெர்மன் இலக்கணம் படிக்கிற பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நம் பிள்ளைகள் டெக்சாஸிலும் சிட்னியிலும் இருக்க, அவர்கள் மட்டும் ஏன் இங்கேயே இருக்கவேண்டும்? ஆனால் விளைவு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

விளைவு நம் படுக்கையில் வந்து விடிகிறது. அமெரிக்காவில் லிண்டா ஐக்கென் என்ற பேராசிரியையும் அவரது குழுவினரும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுத்தால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரே ஒரு நோயாளி கூடுவதற்கு ஏழு சதவீதம். நம் அனுபவத்திலேயே பாருங்கள். பழைய சிஸ்டர் ஒருவர் வார்டுக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்த்தே "இவருக்கு மூச்சு சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு" என்பார். அந்தக் கண் பத்துப் பதினைந்து வருஷத்தில் வருவது. இரண்டு வருஷத்தில் எல்லோரும் போய்விடும் இடத்தில் அந்தக் கண் எப்படி வரும்? ராத்திரி வார்டில் மூத்தவரே இருபத்தைந்து வயது என்றால், குறை அந்தப் பெண்ணுடையது அல்ல.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அடுத்த பதினைந்து வருஷத்தில் நம்மைத் தூக்கி உட்காரவைக்கப் போவது யார் என்று கேட்டால், இப்போது எங்கோ நர்சிங் முதல் வருஷம் படிக்கிற பெண்தான். அவள் இந்த ஊரில் தங்குவாளா என்பது நமக்கு வெறும் பொருளாதாரச் செய்தி அல்ல.

அதனால் இரண்டு மூன்று விஷயம் நடைமுறையாகச் சொல்லி முடிக்கிறேன்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் ரூம் ஏ.சி.யா, கேன்டீன் எப்படி என்று கேட்கிறோம். ராத்திரி ஷிப்டில் இந்த வார்டில் எத்தனை படுக்கைக்கு எத்தனை நர்ஸ், அதில் ஐந்து வருஷம் அனுபவமுள்ளவர் ஒருவராவது இருப்பாரா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் வைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது, நாமே முதலாளிகளாக இருக்கிற இடம். நம் மூன்று பிளாக்கிலும் பல வீடுகளில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் இருக்கிறார்கள். நர்ஸ் என்கிறோம், பலர் முறையாகப் படித்தவர்கள் அல்ல, பழக்கத்தில் கற்றவர்கள். நாம் கொடுப்பது ஒரு தொகை, அவர்கள் கைக்குப் போவது வேறொரு தொகை. எவ்வளவு கைக்குப் போகிறது என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இருபத்து நாலு மணி நேரமும் ஒரே ஆள் என்று வைத்திருக்கும் வீடுகளில், ராத்திரி இரண்டு தடவை எழுந்தவருக்குப் பகலில் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்க இடம் கொடுங்கள். முன்னே போட்ட 168 மணிக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவரே மூன்றரைப் பேர் வேலையைப் பார்க்கிறார். மாதம் நாலு நாள் முழு விடுப்பு கொடுக்க முடியாதா? அந்த நாலு நாளுக்கு மாற்று ஆளை வரிசைவைத்து ஏற்பாடு செய்ய, வீடுகள் ஒன்றாகச் சேர்ந்தால் முடியும். பட்டியலை எழுதி வைத்துக்கொள்ள நான் தயார், எனக்கு வேறு வேலையும் இல்லை.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். சி பிளாக்கில் ஒரு வீட்டில் ஐந்து நர்ஸ் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். கண்ட நேரத்தில் வருகிறார்கள், போகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது. குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடவேண்டும், ராத்திரி பத்தரைக்கு மேல் கேட்டைத் திறக்கக்கூடாது என்று அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் தயாராகிறது என்றும் கேள்விப்பட்டேன். கொண்டுவருபவர்கள் என் நண்பர்கள், அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பல மருத்துவமனைகளில் பகல் ஷிப்ட் ஏழரைக்கு ஆரம்பம், ராத்திரி ஷிப்ட் ஏழரைக்கு ஆரம்பம். அடுத்த ஷிப்ட்காரருக்கு ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பஸ் பிடித்து வந்தால் கேட்டுக்கு வரும்போது சில நாள் பத்தரை தாண்டும். போன வருஷம் பி பிளாக் பெரியவர் ஒருவர் விடியற்காலையில் மயங்கி விழுந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஐவரில் ஒரு பெண்தான். அதற்காக விதியை வளைக்கச் சொல்லவில்லை. சத்தம் என்றால் சத்தத்தைப் பற்றிப் பேசலாம், பார்க்கிங் என்றால் பார்க்கிங்கைப் பற்றிப் பேசலாம். வேலை நேரத்தைக் குற்றமாக எழுதவேண்டாம் என்கிறேன்.

மருத்துவமனை ஊழியர்கள், இரவுப் பணி பார்ப்பவர்கள் யாராக இருந்தாலும் அடையாள அட்டையைச் செக்யூரிட்டியிடம் பதிவு செய்துகொண்டால் எந்த நேரமும் கேட் திறக்கப்படும் என்று ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஐ.டி.யில், மெடிக்கல் கோடிங்கில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். முன்மொழிய என் கையெழுத்து இருக்கிறது, வழிமொழிய ஒருவர் வேண்டும். காகிதம் செயலாளர் மேஜையில் இருக்கிறது, வடை தட்டுக்குப் பக்கத்தில்.